ஓய்வு என்னும் உபத்திரவம்

ஐம்பது வயதைத் தாண்டிய நமது பெண்மணிகளுக்கு வீட்டார் செய்யும் உபசாரங்களுள் முதன்மையானது, "நீங்கள் தூக்காதீர்கள், நான் தூக்கிக்கொள்கிறேன்" என்பதாகும். தண்ணீர்க் குடத்தை மகன் வாங்கிக்கொள்கிறான். அரிசி மூட்டையை மருமகள் நகர்த்துகிறாள். மாடிக்குப் போய்வரும் வேலையெல்லாம் பேரக் குழந்தைகளுடையதாகிவிடுகிறது. இதில் அன்பு இருக்கிறதென்பதில் சந்தேகமில்லை, மரியாதையும் இருக்கிறது. ஆயினும் இந்த அன்பினாலேயே நமது தாய்மார்கள் வருஷத்துக்கு வருஷம் பலம் குன்றிப்போகிறார்கள் என்றும், அறுபத்தைந்து வயதில் தரையிலிருந்து எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டியதாகிறதென்றும் நாம் சொன்னால், சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் இவ்வாரம் இந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு முகம் சுளிக்கலாம்.

மனித தேகத்திலுள்ள தசை, முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருஷங்களுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 வீதம் வரையில் குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்கு மேல் இக்குறைவு இன்னும் விரைவு கொள்ளுகிறது. தசையின் அளவைக் காட்டிலும் அதன் பலம் வேகமாகக் குறைகிறது. இந்த நிலைமைக்கு 1989ஆம் வருஷத்தில் இர்வின் ரோஸன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 'ஸார்கோபீனியா' என்று கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்டார். சதையின் இழப்பு என்பது அதன் பொருள். நம்மவர்கள் இதற்கு 'வயசாகிவிட்டது' என்ற பெயரை வெகு காலமாக வழங்கி வருகின்றனர். இரண்டு பெயர்களுக்கும் ஒரு வித்தியாசமுண்டு. முன்னதைக் கேட்டவன் பரிகாரம் தேடுகிறான்; பின்னதைக் கேட்டவன் பெருமூச்சு விடுகிறான்.

ஸ்திரீகளுக்கு இத்துடன் மற்றொரு நஷ்டமும் சேருகிறது. மாதவிலக்கு நின்றுபோகும் பருவத்தில் (நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதிலேயே நேர்ந்துவிடுகிறது, மேலை நாடுகளில் 51 வயதாகிறது) ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு வற்றிப்போகிறது. எலும்பைக் கரையாமல் காத்து நின்ற காவல் அத்துடன் நீங்குகிறது. அதையொட்டிய சில வருஷங்களில் முதுகெலும்பு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 2 வீதம் தேய்கிறது. இவ்விஷயங்களையெல்லாம் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதாமலும் பேசாமலும் இருந்ததன் பலனைத்தான் கூனிய முதுகுகளாக ஒவ்வொரு தெருவிலும் நாம் காண்கிறோம்.

தேய்ந்த எலும்பு, பலமற்ற தொடை இவ்விரண்டும் சந்திக்குமிடம் பெரும்பாலும் குளியலறைத் தரையே. ஈரத்தில் கால் வழுக்குகிறது. சமாளித்து நிற்கத் தசைக்குச் சக்தியில்லை. விழுந்த வேகத்தைத் தாங்க எலும்புக்கும் சக்தியில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் மரிக்கிறார்கள். எஞ்சியவர்களிலும் பலர் பழையபடி தனியாக நடமாடுவதில்லை. மரணத்தைவிட இதற்கே நமது பாட்டிமார்கள் அதிகமாய்ப் பயப்படுகிறார்கள். "பிறர் கையை எதிர்பாராமல் போய்ச் சேரவேண்டும்" என்று அவர்கள் தெய்வத்திடம் வேண்டிக்கொள்வது எந்தக் கையை என்பது, படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குப் பணிவிடை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"எங்கள் பாட்டி காலத்தில் இதெல்லாம் இருந்ததா? அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையுமே அவர்களுக்குத் தேகாப்பியாசம்" என்று சொல்லுவது இப்பொழுது ஒரு நாகரிகமாகிவிட்டது. சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து ஒரு படி அரிசியைக்கூட ஆட்டிப் பார்த்தவர்களல்லர். அந்த வேலைகளால் கைக்கும் தோளுக்கும் உரம் ஏறியது வாஸ்தவமே. கிணற்றில் நீர் இறைத்ததும், நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி நடந்ததும், தரையில் உட்கார்ந்து உண்டதும், குந்தியிருந்து கோலமிட்டதும் அவர்களுடைய மூட்டுகளையும் தொடைகளையும் பழக்கத்தில் வைத்திருந்தன. ஆனால் அவை எவராலும் அளவு பார்த்து அமைக்கப்பட்டவையல்ல. பிரசவித்துச் சில வாரங்களே ஆனவளும் அதே உலக்கையைத்தான் பிடித்தாள். அரை வயிற்றுச் சோறு உண்டவளும் அதே குடத்தைத்தான் சுமந்தாள். ஆகவே பாட்டி காலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கோயமுத்தூரில் பிறந்து வீட்டுக்கு வீடு வந்துவிட்ட மாவரைக்கும் இயந்திரத்தை நாம் மனமார வாழ்த்துகிறோம். அது பெண்களுடைய கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டபோது, அந்த வேலையோடு சேர்ந்திருந்த பலத்தையும் வாங்கிக்கொண்டது என்பதே நாம் சொல்லவருவது. வேலை போகட்டும். பலத்தை வேறு வழியில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வழி பளு தூக்குதல். இச்சொல்லைக் கேட்டதும் மல்லர்களின் உருவம் மனத்தில் தோன்றினால் அதற்கு நாம் பொறுப்பல்ல. தசையானது தன்னால் எளிதில் செய்யக்கூடியதற்குச் சற்று மேற்பட்ட வேலையைக் கொடுத்தால்தான் வளருகிறது. பளு பழகிப்போனவுடன் அதைச் சிறிது கூட்டவேண்டும். யுத்தத்தில் காயமடைந்த சிப்பாய்களின் கால்களைத் தேற்றுவதற்காகத் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க ராணுவ வைத்தியர் 1945இல் எழுதி வெளியிட்ட முறையும் இதுவே. எலும்பும் இவ்விதமே நடந்துகொள்ளுகிறது. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப அது தன்னைக் கட்டிக்கொள்ளுமென்று 1892இலேயே ஜெர்மானிய ரண வைத்தியரான யூலியுஸ் வுல்ஃப் எழுதினார். டென்னிஸ் ஆடுவோருக்கு மட்டையைப் பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையினதைவிடத் தடித்திருக்கும். பாரமே இல்லாத ஆகாயத்தில் மாதக்கணக்கில் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கோ, தக்க பயிற்சி இல்லாவிடில், இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு வீதத்துக்குக் குறையாமல் கரைகிறது. நாற்காலியை விட்டு எழாத பாட்டியும் ஒருவகையில் ஆகாயத்தில் மிதப்பவரே.

வயதான பிறகு இதனால் பயனுண்டா என்பதே அடுத்த கேள்வி. பாஸ்டன் நகரில் முதியோர் விடுதியொன்றில் வசித்த பத்துப் பேரை மரியா ஃபியாடரோன் என்னும் பெண் வைத்தியர் இதற்காகத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் 86 முதல் 96 வயது வரையில் உள்ளவர்கள், தளர்ந்தவர்கள். எட்டு வாரம் அவர்களுடைய தொடைக்குக் கடினமான பளுப் பயிற்சி அளிக்கப்பட்டது. முடிவில் அவர்களின் தொடைப் பலம் முன்னிருந்ததைப்போல் சராசரியாக இரண்டே முக்கால் மடங்காயிற்று. இருவர் கைத்தடியை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1990இல் இது பிரசுரமானபோது வைத்திய உலகம் ஆச்சரியமடைந்தது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு முடிவு கட்டலாமா என்று கேட்டவர்களுக்காக, 1994இல் நூறு பேரைக்கொண்டு அவரும் அவருடைய கூட்டத்தாரும் சோதனையை விரித்து நடத்தினார்கள். நூறு பேரில் 63 பேர் பெண்கள்; சராசரி வயது 87. பயிற்சி பெற்றவர்களின் பலம் பத்து வாரத்தில் இரு மடங்குக்கு மேலாயிற்று. பயிற்சியின்றிச் சத்துணவு மாத்திரம் அருந்தியவர்களுக்குப் பலம் கூடவில்லை. வேலை வாங்காத தேகத்துக்கு டானிக் வாங்கிக் கொடுத்துக் காசைக் கரைக்கும் புத்திரர்கள் இதைக் கவனிப்பார்களாக.

அதே 1994இல் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மிரியம் நெல்ஸன், மாதவிலக்கு நின்ற, 50 முதல் 70 வயதுள்ள பெண்களைக் கொண்டு ஒரு வருஷம் நடத்திய பரிசோதனையை வெளியிட்டார். வாரம் இரண்டே நாட்கள் பளுப் பயிற்சி. பயிற்சி பெற்றவர்களுக்கு இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் செறிவு சிறிது கூடிற்று, பெறாதவர்களுக்குக் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் நடந்த சோதனை இன்னும் துணிகரமானது. எலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோன, 58 வயதுக்கு மேற்பட்ட 101 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், தேர்ந்த பயிற்சியாளரின் மேற்பார்வையில், கனத்த இரும்புத் தண்டைத் தரையிலிருந்து தூக்கினார்கள். தோளில் வைத்துக் குந்தி எழுந்தார்கள். தலைக்கு மேல் உயர்த்தினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பின் செறிவு நூற்றுக்கு 2.9 வீதம் கூடிற்று. வீட்டில் இலேசான அப்பியாசம் செய்த மற்றப் பாதியினருக்கு 1.2 வீதம் குறைந்தது. பளு தூக்கியவர்களில் ஒருவருக்கு இடுப்பில் சிறிய பிடிப்பு ஏற்பட்டதைத் தவிர அபாயம் எதுவும் நேரவில்லை.

பெண்கள் பளு தூக்கினால் ஆண்களைப்போல் ஆகிவிடுவார்கள் என்ற பயத்தைப்பற்றி நீட்டி எழுத நமக்கு விருப்பமில்லை. அதற்கு வேண்டிய சுரப்பு ஆண்களுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்களுக்கு இல்லை. ஆந்திர தேசத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 2000ஆம் வருஷம் சிட்னி ஒலிம்பிக் பந்தயத்தில் மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அவரை நாடு முழுவதும் சகோதரியாகவே கொண்டாடிற்று.

"காலையில் நடக்கிறேனே, போதாதா?" என்பவர்களுக்குச் சற்று விரிவாய்ப் பதில் சொல்லவேண்டும். நடை இருதயத்துக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது, அதை விட்டுவிடவேண்டாம். ஆனால் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, மோட்டாரிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிகிறதென்றால், நடையால் அந்தக் குறை தீரவில்லை என்பது வெளிப்படை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட யோசனைகளில், நடை முதலியவற்றோடுகூட, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலமூட்டும் பயிற்சியும் வேண்டுமென்றும், 65 வயதுக்கு மேற்பட்டோர் மூன்று நாளாவது பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்யவேண்டுமென்றும் கூறியிருக்கிறது. முழங்கால் வலி என்று ஒதுங்குவோரும் அநேகர். தேய்ந்த முழங்காலுக்கு வைத்தியர்கள் முதலில் சொல்லும் பரிகாரங்களுள் ஒன்று தொடைத் தசையைப் பலப்படுத்துவதே.

சமீபத்தில் நமக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தைரியமாய் ஒரு தேகாப்பியாச சாலையில் சேர்ந்தார். அங்கிருந்த பையன் அரைக் கிலோ எடையுள்ள இரண்டு குண்டுகளைக் கையில் கொடுத்து, "உங்களுக்கு இது போதும், ஆன்ட்டி" என்றானாம். அன்று காலையில்தான் அவர் கடைத்தெருவிலிருந்து ஐந்து கிலோ காய்கறிப் பையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருந்தார்! கூடத்துக்குப் போகிறவர்கள் இவ்விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பளு என்றால் பளுவாக இருக்கவேண்டும்.

கூடத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். முதலில் தம் நிலையை அறிய, கையில்லாத உறுதியான நாற்காலியொன்றைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிஷத்தில் எத்தனை முறை முழுதும் எழுந்து உட்கார முடிகிறதென்று எண்ணிப் பார்க்கவேண்டும். 60 முதல் 64 வயதுள்ள பெண் 12 தடவைக்குக் குறைந்தாலும், 70 முதல் 74 வயதுள்ளவர் 10 தடவைக்குக் குறைந்தாலும், கால்களின் பலம் போதாதென்று அர்த்தம். பிறகு அந்த எழுந்து உட்காரும் வேலையையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம். எட்டு முதல் பன்னிரண்டு தடவை; சற்று இளைப்பாறி மறுபடி ஒருமுறை. கடைசி இரண்டு தடவைகள் சிரமமாக இருக்கவேண்டும். இல்லாவிடில் பயிற்சி போதவில்லை. பிள்ளையார் முன் நாம் போடும் தோப்புக்கரணமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. பக்தர்கள் விநயத்தோடு செய்யும் அந்த அருமையான அப்பியாசத்தை வாத்தியார்கள் தண்டனையாக்கிவிட்டதால், பள்ளிக்கூடம் படித்த ஸ்திரீகளுக்கு அதன்மேல் ஒரு வெறுப்பு உண்டாகிவிட்டது.

சுவரில் கைகளை ஊன்றி மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி மீளுவது, தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தலைக்கு மேல் உயர்த்துவது, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி நிற்பது, இரு கையிலும் சம எடையுள்ள பைகளோடு கூடத்தில் மேலும் கீழும் நடப்பது ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால், தேகத்தின் பெரிய தசைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேலையாகிவிடும். பளுவை உயர்த்தும்போது மூச்சை அடக்காமல் வெளிவிடவேண்டும். ஒரு நாள் செய்தால் மறுநாள் அத்தசைகளுக்கு ஓய்வு. ரத்த அழுத்தம் கட்டுக்கு அடங்காதவர்கள், மார்வலி உள்ளவர்கள், அண்மையில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்கள் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது. ஆஸ்திரேலியப் பெண்மணிகளைப்போல் கனத்த தண்டைத் தூக்க ஆசைப்படுவோர் தேர்ந்த ஆசிரியரிடம் கற்பதே முறை.

ஆகாரத்தைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின், குழம்பில் பருப்பு தீர்ந்துபோயிருக்க, ரசத்தையும் மோரையும் ஊற்றிச் சாதத்தை முடித்துக்கொள்வது நமது தாய்மார்களின் வழக்கம். தசைக்கு வேண்டிய புரதம் அதில் எங்கே இருக்கிறது? தேக எடையில் கிலோ ஒன்றுக்கு, நாளொன்றுக்கு ஒரு கிராமாவது, முதியோருக்கு அதற்குச் சற்று அதிகமாகவும் வேண்டுமென்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு இது 55 கிராமுக்குக் குறையாது. நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் இருக்கின்றன. பாலும் தயிரும் சுண்டலும் மீனும் மிகுதியை நிரப்பும். சிறுநீரக வியாதியுள்ளவர்கள் மாத்திரம் வைத்தியர் சொற்படி நடக்கவேண்டும். குடும்பத் தலைவர்கள் தம் மனைவியையும் தாயாரையும் முதல் பந்தியிலேயே உட்காரச் சொன்னால் இக்காரியத்தில் பாதி முடிந்துவிடும்.

இரும்புக் குண்டுகள் வாங்க வேண்டாமா என்று கேட்கும் சகோதரிகளுக்கு: உடனே வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பன்னிரண்டு தடவை எழுந்திருக்கப் பழகுங்கள். சில வாரங்களில் அது இலேசாகிவிடும். அப்பொழுது பத்துக் கிலோப் பையாக வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி எப்படியும் செலவாகும்.