பரிசு வராத ராத்திரி

இந்த முறை சமையலும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் விருதுநகரில் பங்குனிப் பொங்கல் வந்தால் பாட்டுக் கச்சேரிக்குப் பஞ்சமே இராது. அதைக் கேட்டே வளர்ந்த என் மூத்த பையன், கூடப் படிக்கிற மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மெல்லிசைக் குழு ஆரம்பித்தான். இவன் கிட்டார். அது வாங்க என் சீட்டுப் பணத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். சிவகாசியில் அச்சாபீஸ் வேலைக்குப் போய் வரும் என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "ப்ளஸ் டூ படிக்கிற பயலுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

ஒரு போட்டிக்குப் போனார்கள். முதல் சுற்றோடு திரும்பிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு முகம் தொங்கிப் போய் வந்தவனிடம் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்காமல், "இதுக்குத்தானா என் சீட்டுக் காசைக் கரைச்சே?" என்று கேட்டுவிட்டேன். கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, "வித்துரும்மா" என்றான். மூன்று நாள் பேச்சே இல்லை.

அந்த மூன்று நாளும் என் மனசில் பண்ணைப்புரம் சின்னத்தாயம்மாள்தான். இளையராஜாவின் தாயார். அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக வாசித்த பிள்ளைகள் சென்னைக்குப் போக வேண்டும் என்றபோது, வீட்டு ரேடியோவை விற்ற 400 ரூபாயை அப்படியே கொடுத்தாராம் அந்த அம்மாள். மகனே சொல்லியிருக்கிறார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தார் இளையராஜா. பாஸ்கரும் கங்கை அமரனும் அதே குழுதான். 'அன்னக்கிளி' வந்தது 1976ல். லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது 2025 மார்ச்சில்!

பாலு 1964ல் சென்னையில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். எஸ்.ஜானகிக்கோ 1956ல் வானொலிப் போட்டியில் கிடைத்தது இரண்டாம் பரிசு. 'அன்னக்கிளி'யில் நம்மையெல்லாம் உருக வைத்தது அந்த இரண்டாம் பரிசுக் குரல்தானே! சீமையிலும் இதே கதை. பீட்டில்ஸ் பையன்கள் 1959ல் மான்செஸ்டரில் ஒரு திறமைப் போட்டிக்குப் போய், ஊருக்குக் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டி, முடிவுக்கு முன்பே கிளம்பிவிட்டார்களாம்.

எங்கள் பக்கத்தில் ஈரம் காயாத வெடியைப் பெட்டியில் அடைக்க மாட்டார்கள். வெடிக்கே வெயில் காட்டுகிறோம்; பிள்ளைக்கு ஒரே ராத்திரிதானா?

நாலாம் நாள் கிட்டாரை எடுத்துத் துடைத்து அவன் மடியில் வைத்தேன். "அம்மா பேசினது தப்புப்பா. எந்த இடத்துல சறுக்குச்சு?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது சரணத்துல தாளம் விட்டுட்டோம்மா" என்றான். அழுதுவிட்டான். நானும்தான்.

இப்போது ஓர் ஏற்பாடு. மற்ற நாளெல்லாம் படிப்பு; ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம் மொட்டை மாடியில் பயிற்சி; எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது. என் வீட்டுக்காரர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போன ஞாயிறு நாலு டம்ளர் டீயை மாடிக்குக் கொண்டு போனவர் அவர்தான்; இறங்கி வர அரை மணி ஆயிற்று.

உங்கள் பிள்ளையும் பரிசில்லாமல் வருவான், வருவாள். "எத்தனாவது?" என்று கேட்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள்.