பூஞ்சைத் தொற்றுக்கு யாரைக் குறை கூறுவது?

குழந்தையின் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று இருப்பதாக நாங்கள் தெரிவிக்கும்போது, பல தாய்மார்கள் முதலில் கேட்பது மருந்தைப் பற்றியன்று. "நான் எங்கே கவனம் தவறினேன், டாக்டர்?" என்றே கேட்கின்றனர். உறவினர் சிலரும் அதே கேள்வியைச் சற்றுக் கடுமையாகக் கேட்பதுண்டு. இந்தப் பழி நியாயமற்றது. சிகிச்சைக்கும் கேடு விளைவிப்பது என்பதே எங்கள் கருத்து.

அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்விதைகளை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். கேண்டிடா நலமாக உள்ளோரின் வாயிலும் குடலிலுமே வாழ்கிறது. இவற்றை அடக்கி வைப்பவை நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள். ரத்தப் புற்றுநோயாலும் கீமோதெரபியாலும் அவை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிப் பல நாட்கள் ஏறாதிருந்தால், எவ்வளவு தூய்மையான வீட்டுக் குழந்தைக்கும் தொற்று வரலாம். கடும் மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயிலும், நோய் திரும்பிய குழந்தைகளிடமும் இந்த ஆபத்து அதிகம்.

பழிக்கு அஞ்சும் தாய் காய்ச்சலை மறைக்கிறாள். பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருக்கிறாள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் நீடித்தால், நள்ளிரவானாலும் எங்களை அழையுங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது. முதலில் பாக்டீரியாவுக்கான மருந்தையே தொடங்குவோம். நான்கு நாட்கள் கடந்தும் காய்ச்சல் தணியாவிடில் சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், பூஞ்சைக்கான மருந்து எனச் செல்வோம். இதனை மருத்துவர்களின் தடுமாற்றம் என எண்ண வேண்டாம். முன்பே வகுக்கப்பட்ட படிநிலை இது.

மருந்துகளும் எளியவை அல்ல. ஆம்போடெரிசின் பல மணி நேரம் நரம்பு வழியே ஏற்றப்படும். குளிர் நடுக்கம் வரலாம், பொட்டாசியம் குறையலாம். அடிக்கடி ரத்தம் எடுப்பது அதற்காகவே. வோரிகொனசோலைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வின்கிறிஸ்டின் ஊசியோடு அது சேர்ந்தால் கடும் மலச்சிக்கல், கைகால் பலவீனம், வலிப்புகூட ஏற்படக்கூடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதனை வாங்கித் தரவே வேண்டாம். அஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்குச் சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் நீளும். அதற்குள் கீமோதெரபி தள்ளிப்போகிறதே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. எங்களுக்கும் அந்த அச்சம் உண்டு. ஆகவேதான் எவ்வளவு நாள் தள்ளலாம் என்பதை உங்களோடு அமர்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

பெற்றோர் மீது பழி சுமத்தும் நேரத்தில், தூசியைப் பற்றிப் பேசலாம். கட்டடத்தை இடிக்கும்போது எழும் புழுதியில் பூஞ்சை விதைகள் மிகுதி. மருத்துவமனை வளாகத்தில் அத்தகைய வேலை நடந்தால், இக்குழந்தைகளுக்கு மாற்று வழி அமைப்பதும் வார்டின் கதவு சன்னல்களை அடைப்பதும் நிர்வாகத்தின் கடமை. ஏன் செய்யவில்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். வீட்டிலும் பரணைச் சுத்தம் செய்தல், வைக்கோற்போரைக் கலைத்தல் போன்றவற்றைக் குழந்தை இல்லாத வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் பூந்தொட்டி வேண்டாம். துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நன்று.

முகத்தின் ஒரு பக்கம் வீங்கினாலோ, மூக்கிலோ மேலண்ணத்திலோ கறுப்பு நிறம் தென்பட்டாலோ அடுத்த ஓ.பி. நாள் வரை பொறுக்க வேண்டாம். அன்றே வந்துவிடுங்கள்.