பாப்பா சோசியாலஜி படிக்கட்டுமே!

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

என் தங்கை பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சி.பி.எஸ்.இ. பள்ளி. பதினொன்றில் சமூகவியல் உள்ள குரூப் வேண்டும் என்கிறாள். உடனே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒப்பாரி. "சோசியாலஜி படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று ஒரு மாப்பிள்ளை. "சோசியல் சர்வீஸ்தானே, அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் செய்யலாம்" என்று ஒரு மதினி. பள்ளிக்கூடமும் "பத்துப் பிள்ளை சேர்ந்தால்தான் குரூப் தொடங்குவோம்" என்கிறதாம்.

அது சேவை இல்லை மதினி. குடும்பம், சாதி, கல்யாணம், சந்தை இதெல்லாம் ஏன் இப்படி இயங்குகிறது என்று ஆதாரத்தோடு கேட்கும் படிப்பு.

முப்பது வருடம் வரலாறு நடத்தினேன். நான் வேலை பார்த்த எந்த மேல்நிலைப் பள்ளியிலும் சமூகவியல் குரூப் கிடையாது. 1978-ல் பிளஸ் டூ வந்ததிலிருந்து நமக்குத் தெரிந்தது ஃபர்ஸ்ட் குரூப், அது கிடைக்காதவனுக்கு மற்றது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளிலேயே பிளஸ் டூ பிள்ளைகள் சோசியாலஜி படிக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. லூயி துய்மோன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1949-50 வாக்கில் நம் உசிலம்பட்டிப் பக்கம் வந்து தங்கி, பிரமலைக் கள்ளர் வாழ்க்கையை ஆராய்ந்து 1957-ல் பெரிய புத்தகம் போட்டார். 1986-ல் அது ஆங்கிலத்திலும் வந்தது. தாய்மாமன் சீரை அவர் வெறும் அன்பளிப்பாகப் பார்க்கவில்லை. ஒரு தலைமுறையில் ஏற்பட்ட சம்பந்தம் அடுத்த தலைமுறைக்கும் சொத்து மாதிரி இறங்குகிறது, சீர் அதன் அடையாளம் என்றார். உலகப் பல்கலைக்கழகங்களில் நம்ம ஊர்ச் சீர்வரிசையைப் பாடமாகப் படிக்கிறார்கள். போன மாதம் காதுகுத்தில் சீர் குறைந்தது என்று சண்டை போட்ட நாம், அதைப் படிக்க வந்த பிள்ளையைத் தடுக்கிறோம்!

வீட்டில் இருக்கும் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் யாருக்கு எவ்வளவு, எந்த வருடம், திரும்பி வந்ததா. சி.பி.எஸ்.இ. சமூகவியலில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 செய்முறைக்கு. பாப்பாவுக்கு அந்த நோட்டு ஒன்றே போதும்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் பள்ளிப் பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. சரியான பரிந்துரைதான். நானும் வகுப்பில் எத்தனையோ கயிறுகளை அறுத்திருக்கிறேன். மறுநாள் புதுக் கயிறோடு வருவான். "சார், இது ஏன் தப்பு?" என்று ஒருவன் கேட்டான். "வாயை மூடிட்டு உட்காரு" என்றேன். பதில் சொல்ல என்னிடம் பாடமும் இல்லை, பீரியடும் இல்லை. 'ஆதிக்க சாதி' என்பதை வசவாக இல்லாமல், நிலம், எண்ணிக்கை, அதிகாரம் என்று பிரித்துக் காட்டினார் எம்.என்.சீனிவாஸ். அதைப் பதினாறு வயதில் அவனுக்கு நடத்தியிருந்தால் கயிற்றைக் கழற்றியிருப்பானா, தெரியாது. வாயை மூடச் சொன்னதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

வேலை வேலை என்கிறீர்கள். ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் சமூகவியல் 500 மதிப்பெண்ணுக்கு விருப்பப் பாடம். அதற்குப் பணம் கட்டிக் கோச்சிங் போகும்போது மட்டும் அது நல்ல படிப்பாகிவிடுமா? சட்டம் படிக்கலாம், பத்திரிகைக்குப் போகலாம். டாக்டராக முடியாது, உண்மைதான். அவள் ஆசைப்படவும் இல்லையே.

மாப்பிள்ளை, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். இதுவரை ஏழு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களாம், பாப்பாவோடு எட்டு. மதுரையில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் வீட்டில் இந்த வருடம் பத்து முடித்த பிள்ளை இருந்தால் இன்றே எனக்கு ஒரு போன் போடுங்கள். இன்னும் இரண்டு பேர்தான் வேண்டும்.