கட்டட வேலை முடியட்டும் என்று பிள்ளையை மறிக்காதீர்கள்



புதுக் கொப்பி, புதுச் சப்பாத்து, புது வகுப்பு என்று பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் காலம் கல்வியாண்டின் தொடக்கம். ஆனால் சில பாடசாலைகளின் படலையைத் தாண்டியதும் கண்ணில் படுவது சல்லிக் கும்பியும் சீமெந்து மூடையும்தான். கூரை கழற்றியபடி கிடக்கும். மூன்று வகுப்புகள் ஒரே மண்டபத்துக்குள் நெருங்கியிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் வீசிய தித்வா புயலும் வெள்ளமும் நாட்டின் பல பாடசாலைகளைச் சேதப்படுத்தியதால், திருத்த வேலையும் படிப்பும் ஒன்றாக நடக்கும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது.

இப்படியான நேரத்தில் தாய்மார் பலர் சொல்வது ஒன்றுதான்: "வேலை முடியட்டும் தங்கச்சி, பிறகு அனுப்புவம்."

இந்தப் 'பிறகு' என்ற சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் கதைக்க விரும்புகிறேன்.

பாடசாலையை விட்டு இடைவிலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் வாரம், தூசி என்று பிள்ளை வீட்டில் நிற்பாள். இரண்டாம் வாரம், அம்மா கூலி வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்வாள். மூன்றாம் வாரம் உலை வைப்பதும் அவள்தான். கட்டடம் எழும்பி முடியும்போது அவள் இல்லாமல் வீடு நடக்காது என்ற நிலை வந்துவிடும். பாடமும் பிந்தியிருக்கும், திரும்பிப் போக வெட்கமும் வந்துவிடும். ஆண் பிள்ளையை விடப் பெண் பிள்ளைக்கே இது அதிகம் நடக்கிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் இன்னும் அதிகம். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் இந்நாட்டின் சட்டம். கூரை இல்லை என்பதற்காக அந்த உரிமை இல்லாமல் போகாது.

கொட்டகைப் படிப்பு எங்களுக்குப் புதிதல்ல. 2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்துகொண்டே எங்கள் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். மீள்குடியேறிய பிறகும் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் படித்தார்கள். "அதையே தாங்கினோம், இது என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அன்று தாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஆகவே பிள்ளையை அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

முதலாவது, மலசலகூடம். திருத்த வேலையில் அது உடைக்கப்பட்டால் மாற்று ஏற்பாடு என்ன? பெண் பிள்ளைகளுக்குத் தனியாக, தண்ணீரும் உள்கொண்டியும் உள்ளதாக இருக்கிறதா? மாதவிடாய் நாட்களில் பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

இரண்டாவது, வேலி. வேலை நடக்கும் இடத்துக்கும் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கும் இடையில் மறைப்பு வேண்டும். ஆணி, கம்பி, திறந்த குழி எல்லாம் ஆபத்து. வெளியாட்கள் வந்துபோவதால் பிள்ளைகள் தனியே அந்தப் பக்கம் போகாதபடி பார்ப்பது யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். பிள்ளைக்கு ஏதாவது தீங்கு என்று தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மூன்றாவது, தூசி. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றுகளை உடைக்கும்போது பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயையும் உண்டாக்கும். கூரை கழற்றும் வேலையைப் பாடசாலை இல்லாத நாளில் செய்யச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்க விடக்கூடாது.

நான்காவது, நுளம்பு. கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் பரலிலும் தொட்டியிலும் ஒரு கிழமை, பத்து நாளுக்குள் டெங்கு நுளம்பு பெருகிவிடும். மூடி வைக்கிறார்களா என்று பாருங்கள். கவனிக்காவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில். அங்கே படிக்கும் பிள்ளையின் தாய் என்பதே நீங்கள் அதில் அங்கத்தவராக இருக்கப் போதும். "அவரில்லாத நான் சபையில் எழும்பி எப்படிக் கதைக்கிறது?" என்று என்னிடம் கேட்ட அக்காமார் பலர். தனியே எழும்பக் கூச்சமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள். ஒரு கிராமத்தில் ஐந்து தாய்மார் அப்படித்தான் அதிபரிடம் போனார்கள். சண்டை பிடிக்கவில்லை, கேட்டார்கள். தகரத்தால் அடைத்த தற்காலிக மலசலகூடம் ஒன்று போடப்பட்டது. அதன் திறப்பு ஓர் ஆசிரியையின் கையில் இருந்தது. வரவு நின்றிருந்த பெரிய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அதிபரால் முடியாதது என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் சிறு உதவிகள் செய்யலாம். கொப்பிகளைப் பொலித்தீன் பையில் போட்டு விடுங்கள். கொதித்தாறிய தண்ணீர் கொடுத்து விடுங்கள். இரைச்சலில் பாடம் விளங்காமல் போயிருக்கும், இரவில் "இன்றைக்கு என்ன படிப்பித்தவை?" என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்டிருந்தாலே போதும். முதலாம் தரத்துக்குப் போகும் சின்னவரை ஒரு நாள் முன்பே கூட்டிச் சென்று, எங்கே இருப்பது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று காட்டி விடுங்கள்.

கட்டடம் ஆறு மாதம் பிந்தினாலும் கட்டி முடிக்கலாம். பிள்ளைக்குத் தவறிப்போன ஒரு தவணையை மீட்பது அவ்வளவு சுலபமல்ல. உங்கள் பாடசாலையில் நிலைமை எப்படி என்று எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.