தொட்டியைத் தடுக்கலாகாது, தட்டைத் தடுக்க வேண்டும்
(பூந்தொட்டிகளுக்கும் அடித்தட்டுகளுக்கும் வீட்டிலேயே நீர்க்காப்புச் செய்தல்)

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் துளசி, மல்லிகை, புதினா முதலிய செடிகளை மண்தொட்டிகளில் வைத்து வளர்ப்பது நெடுங்கால வழக்கம். சமீப காலமாக, வசதியுள்ள குடியானவர் வீடுகளிலும் பொதுக் கட்டடங்களின் தாழ்வாரங்களிலும் மண்தொட்டி நீங்கி, பிளாஸ்டிக் தொட்டி வந்து அமர்ந்து வருகிறது. மண்தட்டின் அடியில் நீர் கசிந்து தளம் கறைபடுகிறது, மரப்பலகை உளுத்துப் போகிறது, சுவரோரம் வெள்ளை பூக்கிறது என்பனவே இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். குறை மெய்யே. ஆயினும் அது தட்டின் குறையேயன்றித் தொட்டியின் குறையன்று. தட்டைச் சீர்செய்யாமல் தொட்டியையும் சேர்த்துத் தள்ளுவது, ஒழுகும் கூரைக்காக வீட்டையே இடிப்பதை ஒக்கும்.

மண்பாண்டம் கசிவதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். நாட்டுச் சூளையின் சூடு பெரும்பாலும் 900 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதில்லை. அச்சூட்டில் களிமண் கெட்டிப்படுமேயன்றி, உருகிக் கண்ணாடிபோல் இறுகுவதில்லை. ஆதலால் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எங்கும் நிறைந்திருக்கும். அவற்றின் வழியே நீர் ஊர்ந்து வெளிவந்து காற்றில் ஆவியாகிறது. கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது இதனாலேயே.

இக்கசிவு தொட்டிக்குக் கேடன்று, நன்மையே. சுவரின் வழியே ஈரம் வெளியேறுவதால் தொட்டி மண் சூடேறுவதில்லை. மிகுநீர் தேங்கி வேர் அழுகுவதும் குறைகிறது. இக்குணத்தைப் பாசனத்துக்கே பயன்படுத்துவதும் உண்டு. செடியின் அருகே மெருகிடாத பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், வேருக்கு வேண்டிய அளவு நீர் மெல்லக் கசிந்து கொண்டிருக்கும். சீன தேசத்தில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வேளாண்மை நூலொன்றில் இம்முறை கூறப்பட்டுள்ளது. நம் நாட்டில் கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதனைச் சோதித்தனர். கசிவை அடியோடு அடைத்துவிட்டால் இவ்வனுகூலங்கள் அனைத்தும் போய்விடும்.

சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் மண்தொட்டி ஒரே பகலில் வறண்டு போகிறதே எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். அதற்கு முதற் பரிகாரம் பூச்சன்று. தொட்டியைச் சற்றுப் பெரியதாகக் கொள்வதும், மேல்மண்ணில் உலர்ந்த சருகு பரப்புவதும், பல தொட்டிகளை நெருக்கி நிழலில் வைப்பதும் பெரும்பாலும் போதும். புதினா போன்று ஈரம் விரும்பும் செடிக்கு மட்டும், தொட்டியின் உட்புறத்தில் மெழுகு ஏற்றலாம். அடித்துளையை ஒருபோதும் அடைத்தலாகாது. கற்றாழை போன்ற வறட்சிச் செடிகளுக்கு அதுவும் ஆகாது. உப்புக் கிணற்று நீர் ஊற்றுவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். பூச்சில்லாத தொட்டியில் உப்பின் ஒரு பகுதி சுவரில் வெண்மையாகப் பூத்து வெளியேறும். பூசிய தொட்டியில் அது மண்ணிலேயே தங்குமாதலால், அவ்வப்போது நல்ல நீரை மிகுதியாக ஊற்றி அடித்துளை வழியே வடித்துவிட வேண்டும்.

நிற்க, தட்டின் விஷயம் வேறு. நீரைத் தாங்கி நிற்பதே தட்டின் வேலை. இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க முறைகள் இரண்டு.

முதலாவது மெழுகு முறை. உள்தாழ்வாரத்தில் வைக்கும் சிறு தட்டுகளுக்கு இது ஏற்றது. தட்டை நன்கு கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் ஈரமற உலர்த்த வேண்டும். மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு சிறு பாத்திரத்திலிட்டு, அப்பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பிலிட்டால் தீப்பற்றக் கூடும். தட்டு கை பொறுக்குமளவு சூடாயிருக்கும்போதே உருகிய மெழுகை உட்புறமும் அடிப்புறமும் தூரிகையால் பூசினால், அது துளைகளுக்குள் இறங்கி அடைக்கும். குளிர்ந்த தட்டில் பூசினால் மேலே ஆடைபோல் படிந்து பின்னர் உரிந்துவிடும். மெழுகு வெயிலில் இளகுமாதலால் இத்தட்டு நிழலுக்கே உரியது.

இரண்டாவது சிமெண்டு முறை. முற்றத்தில் வைக்கும் பெரிய தட்டுகளுக்கு இதுவே தகும். தட்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, சலித்த சிமெண்டைக் கூழ்போல் கரைத்து உட்புறம் பூச வேண்டும். உலர்ந்த தட்டில் பூசினால் சிமெண்டின் நீரைத் தட்டே குடித்துவிடும். பூச்சு பொடியாய் உதிரும். மறுநாள் இரண்டாம் பூச்சு இட்டு, ஈரச்சாக்கால் மூடி 7 நாள் பதப்படுத்துக. பின்னர் நீர் நிரப்பிக் கொட்டுவதைச் சிலமுறை செய்தால் காரம் நீங்கும்.

எம்முறையாயினும், தட்டில் நீர் நிரப்பி உலர்ந்த சாம்பல்மேல் ஓரிரவு வைத்துப் பார்த்தல் நன்று. சாம்பல் நனைந்திருந்தால் மற்றொரு பூச்சு வேண்டும். தொட்டியைத் தட்டில் நேரே வைக்காமல் மூன்று ஓட்டுச்சில்லுகளின்மேல் வைத்தால் அடித்துளை நீரில் மூழ்காது.

விலக்கத்தக்கனவும் உண்டு. புதுப்பானையை வடிகஞ்சியால் பழக்குவது சமையலுக்கு நல்லது. தோட்டத் தட்டில் அது பூஞ்சணம் பிடிக்கும். தொட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் எண்ணெய் வர்ணம் அடித்தால், உள்ளிருந்து வரும் ஈரம் வர்ணத்தைக் கொப்புளமாக்கி உரித்துவிடும். கீரை வளர்க்கும் தொட்டிக்குள் தார் பூசுவது தகாது. நீர் காக்கும் தட்டு கொசுவையும் காக்கும் என்பதை மறத்தலாகாது. டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசு இத்தகைய தேங்குநீரிலேயே பெருகுமாதலால், வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இது வெறும் தட்டின் விஷயமன்று. சேரன்மகாதேவிக்கு மேற்கே அம்பாசமுத்திரம் சாலையிலுள்ள காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இதே நதியின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்த தாழிகள், இக்கரையில் மண் வனைதலின் பழைமைக்குச் சாட்சி. உலோகப் பாத்திரம் வந்தபின் சமையற் பானையின் தேவை குறைந்துவிட்டமையால், பூந்தொட்டியும் தட்டும் குயவருக்கு முன்னிலும் முக்கியமாகின்றன. ஒரு மெழுகுவர்த்தியாலோ ஒரு படிச் சிமெண்டாலோ தீரும் குறைக்காக அப்பிழைப்பு கெடுவது நியாயமன்று.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. ஏரி குளங்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் வட்டாட்சியரிடமே அனுமதி பெறும்படி தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தது. ஐப்பசி மழை தொடங்கினால் குளம் நிறைந்துவிடும். மண் எடுக்கவும் இயலாது, சூளை வைக்கவும் இயலாது. ஆதலால் இவ்விஷயமான மனுக்களைக் கோடையிலேயே முடித்துத் தருவது அவசியம். நிலமுடையோர் தொட்டிகளையும் தட்டுகளையும் அப்பருவத்திலேயே வாங்கி, வெயில் இருக்கும்போதே தட்டுகளுக்குப் பூச்சிட்டு வைத்தால், மழைக்காலத்தில் தளமும் கெடாது, குயவர் கையில் முன்பணமும் சேரும்.