லொறியின் வேகமும் முதலாளியின் அவசரமும்

நம் வியாபாரிகள் இப்போது லொறிகளில் ஜி.பி.எஸ். கருவி பூட்டுகின்றனர். செய்மதி மூலம் வண்டியின் இடத்தையும் வேகத்தையும் கணிக்கும் அக்கருவி, உள்ளிருக்கும் சிம் வழியாக நம் கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்புகிறது. 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் கோபுரங்கள் எழுந்ததால் ஏ9 வீதியிலும் இது சாத்தியமாயிற்று.

நானும் பூட்டினேன். ஒருநாள் காலை, மாங்குளம் தாண்டியதும் "வேகம் 85" என்று செய்தி வந்தது. உடனே சாரதியை அழைத்து ஏசினேன்.

"முதலாளி, ஏழு மணிக்குக் கிளிநொச்சியில் சாமான் இறக்கச் சொன்னது நீங்கள்தானே? வவுனியாவில் ஏற்றி முடியவே ஆறு மணியாகிவிட்டதே!" என்றார்.

தூரம் ஏறக்குறைய 75 கிலோமீற்றர். கணக்குத் தெரிந்த எனக்குப் பதில் வரவில்லை. ஓடும் வண்டிக்கு அழைப்பெடுத்ததும் என் பிழையே.

சில கருவிகளால் தூரத்திலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம். அது களவுபோன வண்டிக்கு உதவும். ஓடும் லொறியை அப்படி நிறுத்தினால் ஸ்டியரிங் இறுகும், பிரேக்கின் வலுவும் குறையலாம், உயிராபத்து.

மாடுகள் குறுக்கிடும் வீதி அது. இப்போது ஐந்து மணிக்கே ஏற்றி முடிக்கிறோம். எச்சரிக்கைச் செய்தி வருவது அபூர்வம். கருவி பூட்டுங்கள், நல்லது. அதற்கு முன் நீங்கள் சாரதிக்குக் கொடுக்கும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்.