பத்து நாளில் எத்தனை நகர்?

ஐரோப்பாவுக்குச் சென்று வருவோர் இன்று நம்மிடையே பலர். பாரிஸ், இலண்டன், சூரிச் முதலிய நகரங்களிலே பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் உடைய குடும்பங்கள் எம்மூர்களில் நிறைய உள. கலியாணம், பேரப்பிள்ளை பார்த்தல் என்னும் காரணங்களாற் செல்வார்க்கு, அக்கடமைகள் முடிந்தபின் எட்டு நாளோ பத்து நாளோ எஞ்சுவதுண்டு. அந்நாள்களிலே பழம்பெரு நகரங்கள் சிலவற்றைக் காணவேண்டும் என்னும் ஆசை எழுகின்றது. அது நல்ல ஆசை. ஆனால் எவற்றைக் காண்பது, எவற்றை விடுவது என்னும் வினாவுக்கு நம்மவர் பெரும்பாலும் காணும் விடை எனக்கு உடன்பாடன்று.

‘எத்தனை கூடுமோ அத்தனை’ என்பதே அவர்கள் விடை. பாரிஸ், பிரசெல்ஸ், அம்ஸ்டர்டாம், பேர்லின், பிராக், வியன்னா, வெனிஸ் என ஏழு பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு புறப்படுவர். இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஏழு நகருக்கு ஆறு இடமாற்றம். பெட்டி கட்டுதல், புகையிரத நிலையம் சேர்தல், காத்திருத்தல், பயணம், புதிய ஊரில் விடுதி தேடுதல் ஆகிய இவற்றால் ஒவ்வோர் இடமாற்றமும் அரைநாளை உண்ணும். மூன்று நாள் அங்ஙனம் போயிற்று. முதல் நாளும் இறுதி நாளும் முழுநாளல்ல. எஞ்சியவை ஆறே நாள். ஏழு நகருக்கு ஆறு நாள் எனின், ஒரு நகருக்கு ஒரு நாளும் இல்லை. அந்த ஒரு நாளிற் காண்பது கோபுரத்தின் வெளிப்புறமும், வாயிலில் நிற்கும் நீண்ட வரிசையும், தம் முகம் முன்னே தெரியத் தாமே எடுத்துக்கொள்ளும் படமுமேயாம். இது நூலகத்துட் புகுந்து ஏழு நூலின் அட்டையைத் தடவிவிட்டு வெளியே வருதல் போல்வது. நுனிப்புல் மேய்தல் என்று நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டுள்ளனர்.

‘இனி எப்போது வரப்போகிறோம்? காசும் செலவாகிவிட்டது, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?’ என்று கேட்பாருளர். மறுமுறை வருதல் அரிது என்பது உண்மையே. ஆனால் அவ்வுண்மை அவர் கொள்கைக்குத் துணை செய்வதன்று; என் கொள்கைக்கே துணை செய்வது. மறுமுறை வருபவன் இம்முறை மேலோட்டமாகப் பார்க்கலாம், விட்டதைப் பின்னர் நிரப்பிக்கொள்வான். ஒருமுறையே வருபவன் பார்ப்பதைச் செம்மையாகப் பார்த்தல் வேண்டும்.

ஆயின், எதைத் தெரிவது? வினா முன், நகர் பின் என்பது என் விடை. ‘எந்த நகர் புகழ்பெற்றது?’ என்று கேட்டால் ஐம்பது பெயர் வரும். தெரிவு செய்ய இயலாது. ‘நான் எதனை அறிய விரும்புகிறேன்?’ என்று முதலிலே தன்னைக் கேட்டுக்கொள்பவனுக்கு இரண்டு மூன்று நகரே எஞ்சும். அந்நகரங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாய், மூலமும் உரையும் போல ஒன்றையொன்று விளக்கும். பொதுப்படப் பேசுவதை விட்டு, நான் சென்ற பத்து நாளையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

ஒரு பேரரசு வீழ்ந்தபின் அதன் கல்வியும் கலையும் எங்ஙனம் பிழைத்தன என்பதே என் வினா. இவ்வினா என்னை இத்தாலியின் மூன்று நகரங்களுக்குக் கொண்டு சென்றது. உரோமாபுரிக்கு ஐந்து நாள், ரவென்னாவுக்கு இரண்டு, புளோரன்சுக்கு மூன்று. பாரிசும் வியன்னாவும் சிறியன என்று விட்டேனல்லேன். என் வினாவுக்கு அவை விடையல்ல என்பதால் விட்டேன். ஏதென்ஸ் நகரைத் தனியே ஒரு பயணத்துக்கு உரியதென ஒதுக்கினேன்.

உரோமாபுரியிலே எல்லாரும் ஓடிக் காண்பது கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம். காணவேண்டியதுதான். ஆயினும் என் வினாவுக்கு அதனினும் நன்றாக விடை தந்தவை வேறிரண்டு. ஒன்று, பாந்தியன் என்னும் பழங்கோயில். ஹாட்ரியன் காலத்திலே, ஏறக்குறைய கி.பி. 126இல் முடிந்த கட்டடம் அது. கம்பியும் இரும்பும் இன்றி வார்த்த அதன் குவிமாடம் 43 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடையது. உச்சியில் வான்நோக்கித் திறந்த வட்டக் கண் ஒன்று. மழை பெய்தால் உள்ளே பெய்யும். நீர் வடிந்தோடத் தரையிலே துளைகளும் உண்டு. ஏனைய பழங்கட்டடங்கள் கல்லுக்காகப் பிரிக்கப்பட்டு அழிந்தபோது இது நின்றமைக்குக் காரணம், 609இல் இது கிறித்தவ ஆலயமாக்கப்பட்டமையே. பயன் மாறிற்று; கட்டடம் பிழைத்தது. மற்றொன்று, சான் கிளமெந்தே என்னும் ஆலயம். தெருவிலிருந்து உட்புகுந்தால் 12ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் அதன் கீழே 4ஆம் நூற்றாண்டுக் கோயில். மேலும் இறங்கினால் 1ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களும் மித்ரன் என்னுந் தெய்வத்தின் வழிபாட்டிடமும். அடியிலே நிலத்தடி நீர் ஓடும் ஓசை கேட்கின்றது. சூத்திரத்தின்மேல் உரையும் உரையின்மேல் விளக்கமுமாக வளர்ந்த நூலொன்றைக் காலால் நடந்து படித்தது போலிருந்தது. ஒரே நாளில் உரோமாபுரியை முடிப்பவர் இவ்வாலயத்தின் பெயரையும் கேளார்.

அடுத்தது ரவென்னா. ஏழு நகர்ப் பட்டியல் எதிலும் இப்பெயரை நான் கண்டதில்லை. மேற்கு உரோமப் பேரரசின் அரசவை 402இல் இச்சிற்றூருக்கு வந்தது. 476இல் கடைசிப் பேரரசனாகிய சிறுவன் முடியிழந்ததும் இங்கேதான். பேரரசின் முடிவைக் காண விரும்புபவன் உரோமாபுரியிலன்று, இங்கே நிற்றல் வேண்டும். கல்லா பிளசீதியாவின் நினைவிடம் என வழங்கும் கட்டடம் வெளியே வெறுஞ் செங்கல். உள்ளே கருநீல வானமும் பொன் விண்மீன்களும் சிறு கண்ணாடித் துண்டுகளாற் பதிக்கப்பட்டுள்ளன. 547இற் குடமுழுக்காடிய சான் விதாலே கோயிலிலே பேரரசன் ஜஸ்டீனியனும் அரசி தியோடோராவும் எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கின்றனர். இருவரும் இவ்வூருக்கு ஒருநாளும் வந்தவரல்லர்.

ரவென்னாவில் என்னை நெடுநேரம் நிறுத்தியது பிறிதொன்று. கோத்தியர் வேந்தன் தியோடோரிக் கட்டிய கோயிலிலே அவன் அரண்மனையைக் காட்டும் சித்திரம் ஒன்றுண்டு. அவனுக்குப்பின் ஊரைக் கைப்பற்றியோர், தூண்களிடையே நின்ற உருவங்களைப் பெயர்த்தெடுத்து அவ்விடத்திலே திரைச்சீலைகளைப் பதித்துவிட்டனர். ஆயினும் உடல் நீக்கப்பட்டபின்னும் கைகள் சில தூண்களின்மேல் எஞ்சிவிட்டன. இன்றும் ஆளின்றிக் கை மாத்திரம் தூணைத் தழுவிக் கிடக்கின்றது. ஏடெழுதுவோன் பழம்பாடத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப்பாடம் எழுதிய ஓலையிலே பழைய எழுத்தின் கால் ஒன்று தெரிவது போன்றது இது. வரலாற்றை அழித்தெழுத முயல்வோர் எத்துணைக் கவனமாக இருப்பினும் ஒரு கையை மறந்துவிடுவர் என்று அங்கே அறிந்தேன். இதனை அறிதற்கு அரைமணி நேரம் ஒரு சுவரைப் பார்த்து நிற்றல் வேண்டும். ஒரு நாளில் ஒரு நகரை முடிக்க வேண்டியவனுக்கு அந்த அரைமணி கிடையாது.

மூன்றாவது புளோரன்ஸ். பேராலயத்தின் குவிமாடத்தைப் புருனெலெஸ்கி என்னும் சிற்பி 1420இல் தொடங்கி 1436இல் முடித்தான். உரோமாபுரியின் இடிபாடுகளை அவன் அளந்து பயின்றான் என்று அவன் சரித்திரம் எழுதினோர் கூறுவர். பாந்தியனைக் கண்டு வந்த கண்ணுக்கே, ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து அதன் அளவைக் கடந்தெழுந்த இம்மாடத்தின் பெருமை விளங்கும். மைக்கலாஞ்சலோ அமைத்த லோரன்சோ நூலகமும் இந்நகரிலே உளது, 1571இல் திறக்கப்பட்டது. ரவென்னாச் சுவரில் நின்ற அதே ஜஸ்டீனியன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் 6ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி இந்நூலகத்திலேதான் காக்கப்படுகின்றது. பேரரசு போயிற்று, ஏடு நின்றது. என் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

இவ்விரு நகரையும் இணைக்கும் மற்றொருவர் தாந்தே. புளோரன்ஸ் தன் மாகவியை 1302இல் நாடு கடத்திற்று. அவர் 1321இல் ரவென்னாவில் இறந்தார். பிற்காலத்தில் புளோரன்ஸ் அவரது எலும்பைக் கேட்டபோது ரவென்னாத் துறவிகள் அதனை ஒளித்துவைத்தனர்; 1865இலேதான் அது மீண்டும் அகப்பட்டது. சாந்தா குரோச்சே ஆலயத்திலே புளோரன்ஸ் அவருக்கு எடுத்த பெருங்கல்லறை இன்றும் வெறுமையானது. ரவென்னாக் கல்லறையின் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் கொடுப்பது புளோரன்ஸ். அவ்வெறுங்கல்லறையை மாத்திரம் கண்டவன் அழகிய பளிங்கைக் கண்டவனாவான். இரண்டையுங் கண்டவன் ஒரு நகரின் கழிவிரக்கத்தைக் கண்டவனாவான்.

எல்லாரும் இத்தாலிக்கே செல்க என்று நான் சொல்லவில்லை. வினா வேறாயின் நகரும் வேறாம். அழிந்த நகர் எங்ஙனம் மீண்டெழும் என்று அறிய விரும்புவோர், 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் மீண்டும் வெண்மையாய் எழுந்ததைக் கண்ட நம்மிடையே பலர் இருப்பர். அவர்கள் டிரெஸ்டனுக்கும் வார்சோவுக்கும் செல்க. பெலோத்தோ என்னும் ஓவியர் 18ஆம் நூற்றாண்டிலே இவ்விரு நகரையும் வீடுவீடாகத் தீட்டினார். 1944இல் இடித்துத் தகர்க்கப்பட்ட வார்சோவின் பழைய நகரைப் போலந்து மக்கள் மீளக் கட்டியபோது அவ்வோவியங்கள் வழிகாட்டியாயின. டிரெஸ்டனில் 1945இல் சரிந்த மாதாகோயில் 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய கருங்கற்கள் புதிய வெண்கற்களிடையே இன்றும் தனித்துத் தெரிகின்றன. கட்டடம் மீளும், எரிந்த ஏடு மீளாது என்னும் வேறுபாட்டை நம்மவரைவிட நன்கு உணரத்தக்கவர் யார்?

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இஃது எம் இலாபம் பற்றியதன்று. அந்நகரங்களின் வாழ்வு பற்றியது. வெனிஸ் நகரின் பழைய தீவுப் பகுதியிலே 1951இல் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் குடியிருந்தனர். 2022இல் அத்தொகை ஐம்பதினாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. காலையில் வந்து மாலையிற் போவோர் கூட்டம் மிகுந்தமையால், 2024இலே குறித்த சில நாள்களில் பகல்வருகையாளரிடம் நகர் ஐந்து யூரோ நுழைவுக்கட்டணம் வாங்கத் தொடங்கிற்று. வீடுகள் விடுதிகளாகின்றன, பலசரக்குக் கடை முகமூடிக் கடையாகின்றது, குடிமக்கள் கரைக்கு அப்பாற் போகின்றனர். நூற்றாண்டுகளாகக் கடலை எதிர்த்து நின்ற நகர், அரைநாள் விருந்தினரை எதிர்த்து நிற்கமுடியாது தளர்கின்றது. விருந்தோம்பலைப் பெரிதெனப் போற்றும் நாம், விருந்தினனுக்கும் கடமையுண்டு என்பதை மறத்தலாகாது. ஓரூரிலே மூன்று நாள் தங்கி, அவ்வூர்க் கடையில் உண்டு, அவ்வூர்த் தெருவில் மெல்ல நடப்பவன் அதற்குச் சுமையல்லன்.

ஆதலின், விடுமுறை குறுகியதாயின் பட்டியலையும் குறுக்குக. போகுமுன் இரண்டு கிழமையாவது அந்நகரங்களைப் பற்றிப் படித்து, ஒரு வினாவைக் கையிற் கொண்டு செல்க. இத்தாலியின் அரசக் கலைக்கூடங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவிற்கொள்க. திரும்பி வந்தபின் ‘எத்தனை நகர் பார்த்தீர்?’ என்று ஊரார் கேட்பர். ‘மூன்று’ என்று கூச்சமின்றிச் சொல்லுக. ஏழு பார்த்தவர் படங்களைக் காட்டி முடிந்ததும் பேச்சற்றிருப்பார். மூன்று பார்த்தவருக்கோ ஆண்டு முழுவதும் சொல்லப் பொருளிருக்கும்.